பனி கொட்டாத ஊர்ல கூரை ஏன் விழுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)



திருத்தணியில பனி கொட்டாது. அதுல யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஏப்ரல், மே வந்துட்டா டிவி அடியில ஓடுற "இன்று சதமடித்த ஊர்கள்" பட்டியல்ல வேலூரும் திருத்தணியும் தவறாம ஆஜராகிடும். நமக்குப் பனின்னா மார்கழிக் காலையில பைக் சீட்டு மேல இருக்கிற ஈரம். அதிகம் போனா ஊட்டியில புல்லு மேல வெள்ளையாப் படியுற உறைபனி. முன்பனி, பின்பனின்னு பருவத்துக்கே பேர் வச்ச மொழிதான் நம்ம மொழி. ஆனா அந்தப் பனிக்கு எடை கிடையாது. கூரையை உடைக்கிற பனியைப் பத்தி நம்ம பாட்டிங்க யாரும் எச்சரிச்சிருக்க மாட்டாங்க.

ஆனா இன்னைக்கு எபிசோடு அந்தப் பனியில இருந்துதான் ஆரம்பிக்குது. திருத்தணி வழியா மௌலிவாக்கம் வரைக்கும் போகப் போறோம்.

ஒரு கட்டிடம் என்னென்ன எடையைத் தாங்கணும்னு கணக்குப் போட நம்ம நாட்டுல ஐ.எஸ். 875ன்னு ஒரு விதித்தொகுப்பு இருக்கு. அஞ்சு பாகம். முதல் பாகம் கட்டிடத்தோட சொந்த எடை. ரெண்டாவது, உள்ளே வர்ற மனுஷங்க, கட்டில், பீரோ வகையறா. மூணாவது காத்து. நாலாவது பனி. அஞ்சாவது, மிச்சம் இருக்கிற எல்லாம். சென்னையிலயோ திருத்தணியிலயோ வேலை பார்க்கிற இன்ஜினியர் நாலாவது பாகத்தைத் திறக்கவே வேண்டியதில்லை. அது காஷ்மீருக்கும் இமாச்சலுக்கும் உள்ள பாகம். சரிதான். ஆனா பனியால கட்டிடம் விழுந்த கதைகளை வரிசையா எடுத்துப் பார்த்தா, அதுல முக்காவாசி பனியைப் பத்தின கதையே இல்லை.

1922, ஜனவரி 28. சனிக்கிழமை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். முந்தின நாள் சாயங்காலம் ஆரம்பிச்ச பனி நிக்கவே இல்லை. மொத்தம் 28 அங்குலம், அதாவது முழங்காலைத் தாண்டி. ஊரே முடங்கிப் போச்சு. ஆனாலும் நிக்கர்பாக்கர்னு ஒரு தியேட்டர் ஷோவை ரத்து பண்ணலை. 1917ல கட்டின, அந்தக் கால மல்டிபிளெக்ஸ் மாதிரி பந்தாவான தியேட்டர். மௌனப் படக் காலம். காமெடிப் படம். பனியில நடந்தே வந்து சில நூறு பேர் உட்கார்ந்திருக்காங்க. நைட்டு 9 மணி தாண்டின கொஞ்ச நேரத்துல தட்டையான கூரை மொத்தமா இறங்கி, பால்கனி மேல விழுந்து, பால்கனியையும் சேர்த்துக்கிட்டு கீழே உட்கார்ந்திருந்தவங்க மேல விழுந்தது. 98 பேர் செத்துட்டாங்க.

அந்தப் பனிப்புயலுக்கே "நிக்கர்பாக்கர் புயல்"னு பேர் வந்துடுச்சு. இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தியேட்டர் பேரைப் புயலுக்கு வச்சாச்சு. தப்பு புயலோடதுன்னு ஆகிப்போச்சு. ஆனா அதே ஊர்ல அதே 28 அங்குலம் ஆயிரக்கணக்கான கூரை மேலயும்தான் கிடந்தது. விசாரணையில என்ன வந்ததுன்னா, கூரையைத் தாங்குற உத்திரங்கள் சுவர் மேல போதுமான அளவுக்கு உட்காரலை. நம்ம மேஸ்திரிங்க பாஷையில சொன்னா, பீமுக்கு பேரிங் பத்தலை. அஞ்சு பேர் மேல குற்றச்சாட்டு வந்தது. யாருக்கும் தண்டனை கிடைக்கலை. வடிவமைச்ச ஆர்க்கிடெக்ட் 1927ல தற்கொலை பண்ணிக்கிட்டார். தியேட்டர் முதலாளி 1937ல. சட்டம் கேட்காத கணக்கை அவங்களே தீர்த்துக்கிட்டாங்கன்னு சில பேர் எழுதுவாங்க. எனக்கு அந்த வாக்கியம் பிடிக்கிறதில்லை. 98 குடும்பத்துக்கு அதுல கிடைச்சது ஒண்ணுமில்லை.

அடுத்தது ஹார்ட்ஃபோர்ட். 1978 ஜனவரி 18. அமெரிக்காவுலயே, கனெக்டிகட் மாநிலம். பெரிய உள்விளையாட்டரங்கம். முந்தின ராத்திரி கூடைப்பந்து மேட்ச், சுமார் 5,000 பேர் பார்த்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. விடியக்காலை 4 மணி சுமாருக்கு, பனியும் மழையும் ஏறியிருந்த கூரை அப்படியே தரைக்கு வந்துடுச்சு. ஒருத்தரும் சாகலை. சில மணி நேர வித்தியாசம், அவ்வளவுதான்.

இந்தக் கூரையோட விசேஷம் என்னன்னா, அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு வடிவமைச்சது. கட்டும்போதே, கணக்குல வந்ததைவிட கூரை அதிகமா வளையுதுன்னு சைட்ல இருந்தவங்க கண்ணாலயே பார்த்திருக்காங்க, சொல்லியும் இருக்காங்க. "பரவாயில்லை, வேலையைத் தொடருங்க"ங்கிறதுதான் பதில். கம்ப்யூட்டர் சொன்னதுக்கும் கண் சொன்னதுக்கும் சண்டை வந்தப்போ, சம்பளம் அதிகம் வாங்குறவங்க கம்ப்யூட்டர் பக்கம் நின்னாங்க. நம்மள்ல ஐடியில இருக்கிறவங்களுக்கு இது ஏற்கனவே தெரிஞ்ச கதைதான். டெஸ்டிங் டீம் சொன்னதை மேல யாரும் கேட்காத அதே கதை.

2006 ஜனவரியில ஐரோப்பாவுல ரெண்டு. ஜனவரி 2ம் தேதி ஜெர்மனியில பாட் ரைஷன்ஹால்ங்கிற ஊர்ல பனிச்சறுக்கு அரங்கம். 15 பேர், அதுல 12 பேர் பிள்ளைங்க. கூரையைத் தாங்கின மர உத்திரங்களை ஒட்டப் பயன்படுத்தின பசை ஈரத்துக்குத் தாங்காத ரகம். 30 வருஷத்துக்கு மேல ஈரம் மெல்ல மெல்ல வேலை பார்த்திருக்கு. அதே மாசம் 28ம் தேதி போலந்துல கடோவிட்ஸ் நகர்ல ஒரு கண்காட்சி அரங்கம். உள்ளே பந்தயப் புறா கண்காட்சி. 65 பேர். தேதியைக் கவனிச்சீங்களா? நிக்கர்பாக்கர் விழுந்து சரியா 84 வருஷம். அந்தக் கூரை சில வருஷம் முன்னாடியே ஒரு தடவை பனியில சேதமாகியிருந்தது, நிர்வாகத்துக்கும் தெரியும். போதாததுக்கு, அவசர வழிகள் சிலது பூட்டிக் கிடந்தது. 10 வருஷம் வழக்கு நடந்து, 2016ல பிரதான வடிவமைப்பாளருக்குச் சிறைத்தண்டனை.

ஆக, உத்திரம், கணக்கு, பசை, பூட்டின கதவு. பனி கடைசியா வந்து ஏறி உட்கார்ந்த ஆள்.

பத்து சென்டிமீட்டர் தண்ணி

இப்ப ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, ஒரே ஒரு பெருக்கல்தான்.

புதுசா விழுந்த பனி ரொம்ப லேசு. ஒரு கன மீட்டர் சுமார் 100 கிலோ. அமுங்கி ஈரமாச்சுன்னா அதுவே 300 கிலோவைத் தாண்டும். தண்ணி ஒரு கன மீட்டர் 1,000 கிலோ. அதாவது ஒரு ஆள் இடுப்பு உசரம், 1 மீட்டர் புதுப்பனி கூரை மேல கிடந்தாலும், உங்க மொட்டை மாடியில 10 சென்டிமீட்டர் தண்ணி தேங்கினாலும் கூரைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

1,000 சதுர அடி மாடின்னு வச்சுக்கோங்க. சுமார் 93 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் தண்ணி நின்னா 9,300 கிலோ. சின்ன கார் ஒண்ணு 900 கிலோன்னா, பத்து காரை மாடியில பார்க் பண்ணின மாதிரி. ஆள் ஏறிப் புழங்குற கான்கிரீட் மாடிக்கு ஐ.எஸ். 875 சொல்ற எடை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. ஆள் ஏறாத கூரைக்கு அதுல பாதி. ஒழுங்கா கட்டின மாடி அந்த 10 சென்டிமீட்டரைத் தாங்கிடும். "ஒழுங்கா"ங்கிற வார்த்தையிலதான் எல்லாம் இருக்கு. 2015 டிசம்பர் 1ம் தேதி தொடங்கி 24 மணி நேரத்துல தாம்பரத்துல பெய்ஞ்சது 49 சென்டிமீட்டர். மாடியில தண்ணி இறங்குற குழாய் வாயில ஒரு பிளாஸ்டிக் கவர் அடைச்சிருந்தா என்ன ஆகும்னு நீங்களே பார்த்துக்கோங்க. நமக்குப் பனிப்பாகம் தேவையில்லைதான். மழை அந்த இடத்தை நிரப்பிடும்.

சுவர் விஷயத்துல இது இன்னும் மோசம். கூரை மேல எடை கீழ்நோக்கி அழுத்தும். சுவருக்குப் பின்னாடி மண்ணும் தண்ணியும் சேர்ந்தா பக்கவாட்டுல தள்ளும். உசரம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்காகும். 20 அடி, அதாவது 6 மீட்டர் சுவருக்குப் பின்னாடி முழுசா தண்ணி நிக்குதுன்னு வச்சுக்கிட்டா, சுவரோட ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் 18 டன் தள்ளுது. அதனாலதான் மலைப்பாதைத் தடுப்புச் சுவர்ல வரிசையா ஓட்டை விட்டு, உள்ளே தேங்குற தண்ணியை வெளியே விடுவாங்க. திருத்தணி மலைக்கு வண்டியில ஏறும்போது அடுத்த தடவை கவனிச்சுப் பாருங்க. 18 டன்ங்கிற நம்பரை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, திரும்பத் தேவைப்படும்.

நம்பி அப்பி கட்டினதும் ராயர் கட்டினதும்

திருத்தணின்னா எல்லாருக்கும் 365 படியும் முருகனும்தான் ஞாபகம் வரும். சூரபத்மனோட போர் முடிஞ்சு முருகனோட கோபம் தணிஞ்ச இடம், அதனால தணிகைன்னு சொல்லுவாங்க. ஆனா ஊருக்குள்ளயே வீரட்டானேஸ்வரர் கோயில்னு சின்னதா ஒரு சிவன் கோயில் இருக்கு. கூட்டம் அதிகம் இருக்காது. கடைசிப் பல்லவ அரசர்கள்ல ஒருத்தரான அபராஜிதன் காலம், 9ம் நூற்றாண்டோட பின்பகுதி. யானை படுத்திருக்கிறதைப் பின்னாடி இருந்து பார்த்தா எப்படி இருக்குமோ, அப்படி வளைஞ்ச விமானம். கஜபிருஷ்டம்னு சொல்லுவாங்க. முழுக்கக் கல்லு.

அதைக் கட்டினவர் பேர் நமக்குத் தெரியும். நம்பி அப்பி. கல்வெட்டுலயே இருக்கு. அந்தக் கோயிலைப் பத்தி அரசரே ஒரு வெண்பா பாடினார்னும் அங்க பதிவாகியிருக்கு. யார் கட்டினது, யார் ஆட்சியில, எந்த வருஷத்துல. 1,100 வருஷம் கழிச்சும் கேட்டா சுவரே பதில் சொல்லும்.

இங்கதான் உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சித்தப்பா வருவார். "பாத்தியா, அந்தக் காலத்துல சிமென்ட் இல்ல, கம்பி இல்ல, இன்னும் நிக்குது. இப்ப கட்டுறது பத்து வருஷத்துல விழுது." சித்தப்பா மேல மரியாதை உண்டு. ஆனா விழுந்த பழைய கட்டிடங்களை நாம பார்க்கிறதே இல்லைங்கிறதை அவர் மறந்துடுறார். நின்னது மட்டும்தான் கண்ணுல படும். செங்கல்லுலயும் மரத்துலயும் கட்டின எத்தனையோ கோயில், வீடு, அரண்மனை மண்ணோட மண்ணாப் போச்சு. அபராஜிதன் எந்த அரண்மனையில தூங்கினார்னு கேட்டா காட்ட ஒண்ணும் இல்லை.

உதாரணம் வேணும்னா ரொம்ப தூரம் போக வேண்டாம். திருத்தணியில இருந்து நூறு கிலோமீட்டருக்குள்ள, எல்லைக்கு அந்தப் பக்கம், காளஹஸ்தி. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் 1516ல எழுப்பின ஏழு நிலை ராஜகோபுரம். கிட்டத்தட்ட 500 வருஷம் நின்னது. 2010 மே மாசம் லைலா புயல் ஆந்திராவுல கரை கடந்த சில நாள்ல, 26ம் தேதி ராத்திரி, மொத்தமா உட்கார்ந்துடுச்சு. வீடியோ இன்னும் இணையத்துல இருக்கு. மனசு கலங்கும்.

அந்தக் கோபுரத்துல விரிசல் பல வருஷமா இருந்தது. கடைசி நாள்கள்ல அது வேகமா அகலமாச்சு. அதை ஒருத்தர் பார்த்தாங்க, மேல சொன்னாங்க, மேல இருந்தவங்க கேட்டாங்க. சுத்தி இருந்த கடை, வீடு எல்லாத்தையும் காலி பண்ணச் சொல்லித் தடுப்பு போட்டாங்க. பெரிய கோயில், நெரிசலான தெரு, ஆனாலும் பெரும் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது. கோபுரத்தைக் காப்பாத்த முடியலை, அது பல வருஷ அலட்சியம். மனுஷங்களைக் காப்பாத்த முடிஞ்சது, அது சில நாள் கவனம். புதுக் கோபுரம் கட்டி 2017ல குடமுழுக்கும் ஆச்சு.

இதுக்கு நேரெதிர் டாக்கா பக்கத்துல ராணா பிளாசா. 2013 ஏப்ரல். அங்கயும் முந்தின நாளே விரிசல் தெரிஞ்சது. கீழே இருந்த பேங்க்கும் கடைகளும் மூடிட்டாங்க. மேல இருந்த துணி கம்பெனிக்காரங்க மட்டும் தொழிலாளர்களை மறுநாள் வேலைக்கு வரச் சொன்னாங்க. 1,100 பேருக்கு மேல. ஒரே கட்டிடம், ஒரே விரிசல். பேங்க் ஊழியருக்கு அது ஆபத்து, தையல்காரப் பொண்ணுக்கு அது சம்பளப் பிடித்தம்.

ட்ரஸ்ட் ஹைட்ஸ்

2014 ஜூன் 28, சனிக்கிழமை. சென்னை மௌலிவாக்கம், போரூர் ஏரிக்குப் பக்கம். ட்ரஸ்ட் ஹைட்ஸ்னு ஒரு அபார்ட்மென்ட் திட்டம், ஒவ்வொண்ணும் 11 மாடின்னு ரெண்டு டவர். ஒண்ணோட பேர் "ஃபெய்த்", இன்னொண்ணு "பிலீஃப்". கதை எழுதுறவங்க இப்படிப் பேர் வச்சா எடிட்டர் அடிச்சிருப்பார், ரொம்ப ஓவர்னு. நிஜம் அந்தக் கூச்சமெல்லாம் பார்க்கிறதில்லை.

சாயங்காலம் நல்ல மழை. வாரக் கூலி நாள். மழைக்கு ஒதுங்கி, கட்டி முடியுற நிலையில இருந்த டவருக்குள்ள ஆட்கள் நின்னுட்டு இருந்தாங்க. "பிலீஃப்" இறங்கிடுச்சு. சாயலை, மேல இருந்து கீழ வரைக்கும் அப்பளம் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கிட்டு இறங்கிடுச்சு. தேசியப் பேரிடர் மீட்புப் படை ஒரு வாரம் தோண்டினாங்க. மூணு நாளைக்குப் பிறகும் உயிரோட ஆள் கிடைச்சாங்க. மொத்தம் 27 பேர் உயிரோட, 61 பேர் பிணமா.

கட்டின தரப்புல இருந்து முதல்ல வந்த விளக்கம் என்ன தெரியுமா? இடி. கட்டிடம் மேல இடி விழுந்துடுச்சு. நிக்கர்பாக்கருக்குப் பனி, மௌலிவாக்கத்துக்கு இடி. வானத்துக்கு வக்கீல் கிடையாது, அதனால அது மேல பழி போடுறது சுலபம். பக்கத்துலயே, அதே மழையில, அதே மாதிரி "ஃபெய்த்" நின்னுட்டு இருந்தது.

அரசு, நீதிபதி ரகுபதி தலைமையில விசாரணை ஆணையம் வச்சது. தூண்களோட வடிவமைப்பு, மண்ணோட தாங்குதிறன், அனுமதி கொடுத்த விதம், இதெல்லாம்தான் பேசுபொருளாச்சு. நின்னுட்டு இருந்த இன்னொரு டவரையும் நம்ப முடியாதுன்னு முடிவாகி, 2016 நவம்பர் 2ம் தேதி சாயங்காலம் வெடிவச்சுத் தகர்த்தாங்க. சில நொடியில தூசு. ஊரே மாடியில ஏறி வேடிக்கை பார்த்தது. அந்த வீடியோவுக்குக் கிடைச்ச பார்வையாளர்கள், செத்துப்போன 61 பேரைப் பத்தின செய்திக்குக் கிடைச்சாங்களான்னு எனக்குச் சந்தேகம்தான்.

மௌலிவாக்கம் இடிபாடு அள்ளி முடிக்கிறதுக்குள்ளயே, எட்டே நாள்ல, ஜூலை 6. இந்தத் தடவை திருவள்ளூர் மாவட்டம், அதாவது திருத்தணி இருக்கிற அதே மாவட்டம். செங்குன்றம் பக்கம் அலமாதி பகுதியில ஒரு குடோன். ராத்திரி மழை. ஞாயிற்றுக்கிழமை விடியறதுக்குள்ள, சுமார் 20 அடி உசரச் சுற்றுச்சுவர், அதை ஒட்டிக் குடிசை போட்டுத் தூங்கிட்டு இருந்தவங்க மேல விழுந்தது. 11 பேர். குடோன் வேலைக்காகவே வந்து, அந்தச் சுவருக்குக் கீழயே தங்கினவங்க.

ரெண்டு இடத்துலயும் செத்தவங்க யாருன்னு பார்த்தா, பெரும்பாலும் ஆந்திராவோட வடகோடி மாவட்டங்கள், ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பக்கம். மௌலிவாக்கத்துல ஒடிசாக்காரங்களும், நம்ம ஊர்க்காரங்களும் உண்டு.

திருத்தணிக்காரங்களுக்கு எல்லைன்னா ஒரு பெரிய கதை இருக்கு. 1953ல ஆந்திரா தனி மாநிலமானப்போ சித்தூர் மாவட்டத்தோட சேர்ந்து திருத்தணியும் அங்க போயிடுச்சு. மங்கலங்கிழார், ம.பொ.சி. எல்லாம் போராடி, ஜெயிலுக்குப் போய், படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1ல திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. திருப்பதி அங்கயே நின்னது. ஒவ்வொரு கிராமமா, யார் எந்த மொழி பேசுறாங்கன்னு எண்ணிப் பார்த்துப் போட்ட கோடு அது. அந்த எண்ணிக்கைக்கு அவ்வளவு மெனக்கெட்டோம். அலமாதிச் சுவருக்குக் கீழ எத்தனை பேர் தூங்குறாங்கன்னு எண்ண ஒரு ரிஜிஸ்டர் இருந்திருக்க வேண்டாமா? சட்டம் இல்லாமலும் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் போற தொழிலாளருக்கு 1979லயே சட்டம், கட்டுமானத் தொழிலாளருக்கு 1996ல சட்டம். ரெண்டுலயும் பதிவு செய்யணும், தங்க இடம் கொடுக்கணும்னு இருந்தது. குடிசையைச் சுவரோட ஒட்டிப் போட்டா ஒரு பக்கத்துக்குத் தட்டி செலவு மிச்சம். சட்டம் சைட்டுக்குள்ள வராத இடத்துல ஒருத்தர் வீட்டுக்கு நாலாவது சுவர் எதுன்னு இந்த மிச்சம்தான் முடிவு பண்ணுது.

மழையே இல்லாமலும் கட்டிடம் விழும்ங்கிறதையும் சொல்லிடணும், இல்லைன்னா வானிலை மேலயே கண்ணு நிக்கும். 2013 ஏப்ரல், மும்பை பக்கம் தானே மாவட்டத்துல மும்ப்ரா. அனுமதி இல்லாம அவசர அவசரமா எழுப்பின அடுக்குமாடி. வெயில் காலம். 74 பேர்.

மேட்டுப்பாளையம்

18 டன் நம்பரை மறக்கலைதானே?

2019 டிசம்பர் 2, திங்கட்கிழமை விடியக்காலை. மேட்டுப்பாளையம் நடூர் கண்ணப்பன் நகர். விடாத மழை. ஒரு பெரிய வீட்டோட காம்பவுண்ட் சுவர், 20 அடி அளவு, கருங்கல். மறுபக்கம் தாழ்வான இடத்துல அருந்ததியர் மக்களோட சின்னச் சின்ன ஓட்டு வீடுங்க. சுவர் நாலு வீட்டு மேல விழுந்தது. தூங்கிட்டு இருந்த 17 பேர்.

அந்தச் சுவர் ஆபத்துன்னு முன்னாடியே புகார் சொன்னோம்னு அங்க இருந்தவங்க சொன்னாங்க. அது தீண்டாமைச் சுவர்னு சொல்லி ஊரெல்லாம் போராட்டம் நடந்தது. சட்டப்படி அது என்ன சுவர்ங்கிற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு ஒரு இன்ஜினியரிங் கேள்வி இருக்கு. ஒரு வீட்டுக்குக் காம்பவுண்ட் சுவர் ஆறேழு அடி இருந்தா திருடன் ஏற முடியாது. 20 அடி எதுக்கு? எதைப் பார்க்காம இருக்க? உசரம் மூணு மடங்கானா தள்ளுற விசை ஒன்பது மடங்குன்னு இயற்பியல் சொல்லுது. அந்த உசரத்தை யாரோ ஒருத்தர் கேட்டு, யாரோ ஒருத்தர் கட்டி, யாரும் கணக்குப் போடலை.

செத்தவங்கள்ல காலேஜ் படிச்ச பொண்ணும் அவளோட தம்பியும் உண்டு. ரெண்டு பேரோட கண்ணையும் அவங்க அப்பா தானம் கொடுத்தார். அவர் டீக்கடையில வேலை பார்த்தவர்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2021 டிசம்பர் 17, திருநெல்வேலியில ஒரு பள்ளிக்கூடத்துக் கழிவறைச் சுவர் விழுந்து மூணு மாணவர்கள். அதுக்கப்புறம்தான் மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டிடங்களைப் பார்த்து, ஆபத்தானதை இடிக்கச் சொல்லி உத்தரவு போச்சு. பள்ளிக் கட்டிடத்தைப் பார்க்க ஒரு சாவு, அடுக்குமாடி விதிகளைப் பார்க்க இன்னொரு சாவுன்னு, நம்ம விதிப் புத்தகத்தோட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தேதி இருக்கு. 2019ல தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் வந்தாச்சு. பேப்பர்ல நாம மோசமில்லை. ஆனா விதி பெரும்பாலும் கட்டிடத்தைப் பார்க்குது. சுற்றுச்சுவரை யாரும் கட்டிடமாவே நினைக்கிறதில்லை. மேஸ்திரி கைக்கணக்குதான். அலமாதி, மேட்டுப்பாளையம், நெல்லை, மூணுமே வெறும் சுவர்.

இதைக் கேட்கிற நீங்க பாதிப் பேர் வாடகை வீட்டுல இருப்பீங்க, சில பேர் இஎம்ஐ-ல ஃபிளாட் வாங்க யோசிச்சுட்டு இருப்பீங்க. ஷோ ஃபிளாட்ல மாடுலர் கிச்சனைத் தட்டிப் பார்க்கிறதோட, மண் பரிசோதனை அறிக்கை காட்டுங்கன்னு கேளுங்க. ஸ்ட்ரக்சுரல் டிசைன் போட்டது யாருன்னு பேர் கேளுங்க. நம்பி அப்பி பேரே தெரியும்போது, நீங்க 20 வருஷம் கடன் கட்டப் போற கட்டிடத்தோட இன்ஜினியர் பேர் தெரியக்கூடாதா? சேல்ஸ் பையன் முழிப்பான். முழிக்கட்டும்.

வாடகை வீடுன்னா, ஐப்பசி பிறக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை மாடிக்குப் போய்த் தண்ணி போற குழாய் வாயைப் பாருங்க. தூண்லயோ பீம்லயோ சாய்வா ஓடுற விரிசல், நாளுக்கு நாள் அகலமாகிற விரிசல், திடீர்னு மூட முடியாத கதவு, இதெல்லாம் பெயின்ட் அடிச்சு மறைக்கிற சமாச்சாரம் இல்லை. பென்சிலால விரிசலோட ரெண்டு முனையிலயும் கோடு போட்டுத் தேதி எழுதி, போன்ல ஒரு போட்டோ எடுத்து வையுங்க. ஒரு வாரத்துல கோட்டைத் தாண்டிப் போயிருந்தா ஹவுஸ் ஓனருக்கு மட்டும் இல்லை, மாநகராட்சிக்கும் எழுத்துல கொடுங்க.

அப்புறம் உங்க தெருவுல புதுசா கட்டுற சைட் இருந்தா, ராத்திரி ஒரு தடவை அந்த வழியா நடந்து பாருங்க. வேலையாட்கள் குடிசை எங்க இருக்குன்னு. சுவரை ஒட்டி இருந்தா, மழை வர்றதுக்கு முன்னாடி அந்தப் போட்டோவையும் எடுத்து அனுப்புங்க. தெலுங்கு தெரியாட்டி, ஒடியா தெரியாட்டி பரவாயில்லை, புகார் மனு தமிழ்ல எழுதினாப் போதும்.